உயரமானவரின் ரத்தம்

ஜூன் 9

பிப்பெட்டுக்கு,

உன் முதல் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நான்கு பக்கம். அதில் என்னைப் பற்றி மூன்று வரி, உன் புது ஆய்வுக்கூடத்தின் எதிர் மேசை உயரமானவரைப் பற்றிப் பதினேழு வரி. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வருடமாகச் சிவப்பணுக் கணக்கு எழுதியவனுக்கு வரிகளை எண்ணத் தெரியாதா?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். உன் பெட்டியை மூன்று மாடி தூக்கி வந்து வைக்கட்டும். அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில், "சோதனைக்கு இப்போதைக்கு அவரிடமே ரத்தம் எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கல்யாணமான இரண்டாவது வாரத்திலிருந்து, வாரத்தில் மூன்று நாள், காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உன் முன்னால் உட்கார்ந்தவன் நான். உனக்குப் பெயர் கொடுத்த அந்த அளவுக்குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ ரப்பர் பட்டையைக் கட்டுவாய், "கைய மூடுங்க" என்பாய், உன் கட்டைவிரல் என் நரம்பைத் தேடும். வீட்டில் எத்தனை சண்டை என்றாலும் அந்த இரண்டு நிமிடம் பேசிக்கொள்வோம். உனக்கோ ரத்தசோகை, உன் ரத்தம் சோதனைக்கு ஆகாது. மற்றவர்களிடம் கேட்கக் கூச்சம். "வீட்டுலயே ஒரு புருஷன் இருக்கும்போது எதுக்கு வெளிய அலையணும்" என்று சொன்னவள் நீதான். நம் கட்டுரையில் 'மனிதச் சிவப்பணு' என்று வருகிற இடத்திலெல்லாம் இருப்பது நான். இப்போது அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்கிறார்.

நீ போன மறுநாளே என் அக்கா எனக்குச் சமைத்துப்போட வந்துவிட்டார். அவரிடம் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "ரத்தத்துக்கெல்லாமாடா பொறாமப்படுவாங்க? நல்லா இருக்குடா உன் கத" என்று சிரிக்கிறார்.

நல்ல செய்தி ஒன்று. கட்டுரை அக்டோபர் இதழில் வருகிறதாம், செப்டம்பர் முதல் தேதி அச்சுக்குப் போகிறது. குளிரில் ஒரு ராத்திரி வைத்த சிவப்பணு முள் முளைத்துச் சுருங்கும் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது கண்ணாடி ஸ்லைடு செய்கிற வேலை, பிளாஸ்டிக்கில் வைத்துப் பார்த்தால் சவ்வு வழியே சோடியம் உள்ளே புகுந்து அணு ஊதிக் கிண்ணமாவது தெரியும் என்று முதலில் சொல்லப்போவது நாம். அக்டோபர் இருபதாம் தேதி நிரந்தர வேலைக்கு நேர்முகம். நம் துறைத்தலைவர் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கட்டுர வந்துட்டா வேல உனக்குத்தான்" என்றார்.

ரத்தத்துக்கு வேறு ஆள் பார்.

உன்,
முன்கோபி


ஜூன் 23

முன்கோபியாருக்கு,

பதினேழு வரி இருக்காது. அதிகம் போனால் பதினைந்து. கோபம் வந்தால் உங்களுக்கு எண்ணிக்கை ஏறிவிடும், அது உங்கள் நோட்டைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

என் அறை ஒரு தையல் கடைக்கு மேலே. பகல் முழுக்க மிஷின் ஓடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும், ஒரு செருப்பை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் இடமாம். யாராவது குடுவை கழுவினால் என் நோட்டு நனைகிறது. இதையெல்லாம் கேட்பீர்கள் என்று பார்த்தால் நீங்கள் வரி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உயரமானவருக்கு நரம்பைத் தேடவே வேண்டாம், பட்டை கட்டுவதற்கு முன்பே கயிறு மாதிரி எழுந்து நிற்கும். நான் எடுக்கிறபோது அவர் பாட்டுக்குச் செய்தித்தாள் படிப்பார். முடிந்ததும் நன்றி சொல்வார். மூன்று வருடத்தில் நீங்கள் ஒரு தடவைகூட எனக்கு நன்றி சொன்னதில்லை. (இந்தப் பத்தி உங்கள் வயிறு எரியட்டும் என்றே எழுதியது.)

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு இங்கே ஒன்று சரியாக வரவில்லை. அவருடைய ரத்தத்தைக் கழுவி, நம் உப்புக் கரைசலில் போட்டு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் பார்த்தேன். முள். அத்தனை அணுவும் முள். கண்ணாடியாக இருக்கும் என்று பிளாஸ்டிக்குக்கு மாறினேன். அப்போதும் முள். கரைசலைப் புதிதாகக் கலந்தேன். உள்ளே போன சோடியத்தை அளந்து பார்த்தால் நம் கணக்கில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து தடவை செய்துவிட்டேன். கிண்ணம் ஒன்றைக்கூடக் காணோம்.

இன்னொன்று, கட்டுரை வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அதில் உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கிண்ணத்தை முதலில் பார்த்தது யார்? நாற்பதாயிரம் அணுக்களை உட்கார்ந்து எண்ணியது யார்? அப்போது நான் வாய் திறக்கவில்லை. இங்கே வந்தபிறகு எனக்கும் வயிறு எரிகிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள்,
பிப்பெட்


ஜூலை 5

பிப்பெட்டுக்கு,

உயரமானவர் நன்றி சொல்கிறார். ரொம்ப சந்தோஷம். நன்றி சொல்கிற ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? முள்ளைத் தவிர அதில் ஒன்றும் முளைக்கவில்லையே.

குறை எங்கே என்று நான் சொல்கிறேன். அந்த மனிதரின் ரத்தம் சரியில்லை. புகை பிடிப்பார், இல்லை மாத்திரை ஏதாவது விழுங்குவார். கேட்டுப்பார். என் ரத்தத்தில் மூன்று வருடம், நானூற்றுப்பன்னிரண்டு முறை, தவறாமல் கிண்ணம் வந்தது. அவருடையதில் வரவில்லை. இதில் யார் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் வேண்டுமா? காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நீ என்னைச் சொல்வாய். சொல்லிக்கொள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. வேலையில் கவனம் இருந்தால் உன் கை நடுங்காது. எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டே கரைசல் கலந்தால் உப்பு கூடக் குறையத்தான் விழும்.

பெயரைப் பற்றி எழுதியிருந்தாய். யோசனை என்னுடையது, ரத்தம் என்னுடையது, எழுதியவன் நான். உட்கார்ந்து எண்ணியவர்கள் எல்லாம் முதல் பெயர் கேட்டால் எண்ணுகிற இயந்திரத்துக்கும் பெயர் போடவேண்டியதுதான்.

கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில் இப்படிக் கிளப்பாதே. பெரியவர் காதுக்குப் போனால் என் வேலை போச்சு.

முன்கோபி


ஜூலை 17

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. இயந்திரம் பதில் எழுதுகிறது.

இங்கே இதுவரை பதினோரு பேரிடம் ரத்தம் வாங்கிவிட்டேன். மற்றவர்களிடம் கேட்க எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது, அதற்குத் தங்கள் கடிதம் உதவியது. அதில் புகைப்பவர் மூவர், புகைக்காதவர் எட்டுப் பேர். பெண்கள் ஆறு. பதினோரு பேருக்கும் முள். எடுத்தது, கழுவியது, கரைசல் கலந்தது எல்லாம் உயரமானவரே. நான் அளந்தது மட்டும்தான், ஆகவே என் கை நடுக்கத்துக்கு இதில் வேலையில்லை.

ஒன்று, இங்கத்தைய தண்ணீரோ உப்போ கெட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் மூன்று வருடம் 'மனிதச் சிவப்பணு' என்று எழுதியது ஒரே ஒரு மனிதருடையது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அங்கே, அதே ஃபிரிட்ஜில், அதே கரைசலில், தங்களுடையதைத் தவிர வேறு யாருடைய ரத்தத்தையாவது வைத்துப் பாருங்கள். குளிரில் வைப்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் படம் எடுத்து அனுப்புங்கள். கிண்ணம் வந்தால் தவறு என்னுடையது, காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். முள் வந்தால் கட்டுரையை நிறுத்த வேண்டும். அதில் என் பெயரும் இருக்கிறது, இரண்டாவதாக இருந்தாலும்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
எண்ணுபவள்


ஆகஸ்ட் 2

பிப்பெட்டுக்கு,

நீ சொன்னபடியே செய்தாயிற்று. யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். நம் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அந்த அம்மாளைக் கேட்டேன். உடனே சரி என்றார். அவரிடம் இத்தனை நாள் பழகாமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது. மிகவும் மென்மையான பேச்சு. ரப்பர் பட்டை கட்டுவதற்காக அவர் வளையல்களை மெதுவாக மேலே தள்ளவேண்டியிருந்தது. "வலிக்குமா?" என்றார். "என் கையில வலிக்காது" என்றேன். சிரித்தார்.

படங்கள் ஆறு இணைத்திருக்கிறேன். முதல் மூன்று, ரத்தம் எடுத்தவுடன். மற்ற மூன்று, குளிரில் ஒரு ராத்திரி வைத்த பிறகு. நீயே பார். கிண்ணம். ஒரு முள்கூட இல்லை.

ஆகவே குறை உன் பக்கம். உன் தண்ணீரையும் உப்பையும் பார்த்துக்கொள். உன் உயரமானவரிடம் சொல், அவர் எடுத்தது கழுவியதெல்லாம் எங்கள் நூலகத்து அம்மாளின் ஒரு சொட்டுக்கு ஈடாகாது.

காலில் விழவேண்டாம். அந்தப் பதினோரு பேர் கதையை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும்.

முன்கோபி


ஆகஸ்ட் 15

உங்களுக்கு,

கடிதத்தை முதலில் படித்தேன், படங்களை அப்புறம்தான் பார்த்தேன். அதனால் ஒரு பகல் முழுக்க அந்த வளையல்களோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தியானம் ஒரு பெட்டி ஸ்லைடைக் கீழே போட்டு உடைத்தேன். தையல் கடையில் வளையல் போட்ட பெண்ணைப் பார்த்தாலே கோபம் வந்தது. நீங்கள் ஜூன் மாதத்திலிருந்து என்ன பட்டிருப்பீர்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. பாவம் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் படங்களை எடுத்து விளக்கின் கீழே வைத்தேன். மூன்றாவது படத்தில் என் கை நின்றுவிட்டது.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சாதாரணச் சிவப்பணுவுக்கு நடுவில் ஒரு வட்டக் குழி இருக்கும். உங்களுடையதில், குளிரில் வைக்காத புது ரத்தத்திலேயே, நூற்றுக்கு இரண்டு மூன்று அணுக்களுக்கு அந்தக் குழி இருக்காது. இரண்டு கீற்று இருக்கும், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, சட்டைப் பொத்தானைப் போல. ஸ்லைடு காய்ந்து கெட்டுப்போனது என்று நான் அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுவேன். மூன்று வருடம் விட்டேன். அது என் தவறு, உங்களுடையது இல்லை. அப்போதே ஏன் என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டோம்.

ஏன் கேட்கவில்லை தெரியுமா? எனக்கு அவற்றைப் பிடிக்கும். காலையில் லென்ஸைத் திருகி, முதல் பொத்தான் கண்ணில் பட்டதும், "ஆ, வந்துட்டாரு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இங்கே பதினோரு பேர் ரத்தத்தில் ஒரு பொத்தானைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். கிடையாது. உயரமானவரிடமும் கிடையாது.

உங்கள் மூன்றாவது படத்தில் நான்கு இருக்கின்றன.

நூலகத்து அம்மாள் ரத்தம் கொடுக்கவில்லை. நீங்கள் உங்கள் கையையே நீட்டி நீங்களே குத்திக்கொண்டீர்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் வந்த கோபம் இன்னும் போகவில்லை. வயிறெரிந்து என்னை நாலு வார்த்தை திட்டினால் பொறுத்துக்கொள்வேன். இயந்திரம் என்றதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். சோதனையில் பொய் சொன்னால் என்ன செய்வது? இனிமேல் நீங்கள் அனுப்பும் எந்த எண்ணை நான் நம்புவது?

கட்டுரை செப்டம்பர் முதல் தேதி அச்சுக்குப் போகிறது. பத்திரிகைக்கு நானே தந்தி அடிக்கலாம். அடிக்கவில்லை. நீங்கள் அடிக்கிறீர்களா என்று பார்க்கப்போகிறேன்.

பிப்பெட்


ஆகஸ்ட் 30

பிப்பெட்டுக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி காலையில் வந்தது. பத்து மணிக்குத் தந்தி அடித்துவிட்டேன். 'கட்டுரையை நிறுத்தவும். ரத்தம் ஒருவருடையது மட்டுமே.' தந்தி ஆபீஸ் குமாஸ்தா இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார்.

பொய்தான் சொன்னேன். வேலைக்காகச் சொன்னேன் என்றால் அதுவும் பாதிப் பொய். ஆய்வுக்கூடத்தில் அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள், யாரைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். முள் வந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. வந்துவிட்டால் உயரமானவரின் ரத்தம் சரி, என்னுடையது தப்பு என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ தினமும் பார்க்கிற ரத்தம் அவருடையது, சரியான ரத்தமும் அவருடையதா என்று எரிந்தது. வளையலைச் சேர்த்தது உனக்கும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான்.

தந்தி அடித்துவிட்டு நேராக நூலகத்துக்குப் போனேன். அந்த அம்மாளுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வளையலே போடுவதில்லை, கைக்கடிகாரம்தான். "எடுத்த புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கக் காணோம், ரத்தம் கேக்க வந்துட்டாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனாலும் கொடுத்தார். அவரோடு சேர்த்து ஆறு பேர். ஆறு பேருக்கும் முள். படங்கள் அனுப்புகிறேன், ஒவ்வொன்றின் பின்னாலும் கொடுத்தவரின் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், நம்ப மாட்டாய் என்றும் தெரியும்.

ஏழாவதாக அக்காவிடம் எடுத்தேன். கிண்ணம். பொத்தான்களும் இருக்கின்றன. எங்கள் குடும்பச் சவ்வே குளிரில் ஒழுகுகிற சவ்வு போலிருக்கிறது, சோடியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று பழமே தொடக்கூடாதென்றார் டாக்டர். அன்று எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் அரை நாள் பயணம் போய்ச் சேர்ந்திருக்கிறது, வழியெல்லாம் அணுவிலிருந்து ஒழுகிய பொட்டாசியத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். இந்தத் தடவை டாக்டரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிர் படாமல் உடனே அளக்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது. "ரெண்டு வருஷமா ஒரு வாழப்பழம் தின்னலடா பாவி. பொறாமப்படறதுதான் படற, அத முன்னாடியே பட்டிருக்கக் கூடாதா?" என்கிறார்.

பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பொய் சொன்னத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். "இருந்திருக்கலாம் சார்" என்றேன். நேர்முகத்துக்கு வரவேண்டாம் என்றார். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். இது இனிமேல் உன் வேலை. என் ரத்தத்தைத் தபாலில் அனுப்ப முடியாது, வழியில் குளிர் பட்டால் கெட்டுவிடும். ஆளாக வந்தால்தான் உண்டு. ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டிருக்கிறேன். வரட்டுமா?

முன்கோபி


செப்டம்பர் 13

உங்களுக்கு,

வாருங்கள். ஆனால் சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன், இங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

புதுக் கட்டுரையில் என் பெயர் முதலில். உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையிலேயே வராது. ஆராய்ச்சிக்குள்ளே 'நபர் ஒன்று' என்று இருப்பீர்கள். ரத்தமும் கொடுத்துவிட்டு, அதைப் பற்றித் தீர்ப்பும் சொல்வது இனி நடக்காது.

இரண்டாவது, ரத்தம் எடுப்பது நான் இல்லை. நான் எடுத்தால் எந்தக் குழாய் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என் மனம் உங்கள் பக்கம் சாயும், மூன்று வருடம் அப்படித்தான் சாய்ந்திருந்தது. அதனால் உயரமானவர்தான் உங்களுக்குப் பட்டை கட்டுவார், ஊசி போடுவார், குழாயில் எண் ஒட்டுவார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என் ரத்தத்தப் பாத்தா ஒரு மனுஷன் இத்தன மாசம் வயிறெரிஞ்சாரு?" என்று அவருக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னாராம். ஆமாம், மனைவி இருக்கிறார், இரண்டு குழந்தைகளும். நீங்கள் கேட்கவேயில்லை, நானும் சொல்லவில்லை.

மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதும் நான் இல்லை. பொத்தானைப் பார்த்தால் நீங்கள்தான் என்று கண்டுபிடித்துவிடுவேன். அடுத்த அறைப் பெண் ஒருத்தி எண்ணித் தருவாள். நான் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டும் அளப்பேன். அத்தனை தூரத்திலிருந்து நீங்கள் வருகிறீர்கள், உங்கள் அணு ஒன்றைக்கூட நான் பார்க்கப்போவதில்லை. இதை முடிவு செய்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று வந்ததும் கேட்காதீர்கள். இன்னும் இல்லை.

பிப்பெட்


செப்டம்பர் 25

பிப்பெட்டுக்கு,

எல்லாவற்றுக்கும் சரி. அக்டோபர் பதினெட்டாம் தேதி வந்து சேர்கிறேன்.

உயரமானவரிடம் ஒன்று சொல்லிவை. வலது கை நரம்பு குத்தினால் நழுவும், இடது கையில்தான் எடுக்க வேண்டும். அதுவும் முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே. உனக்குத் தெரியும், அவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்.

நபர் ஒன்று